லிப்கர்லுக்குத் திருத்தம் அனுப்பும்போது எங்கே இடறுகிறது: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

இணையத்தில் தரவை அனுப்பவும் எடுக்கவும் பயன்படும் கட்டளைவரிக் கருவியான கர்ல் 1998 மார்ச்சில் வந்தது. அதன் உள்ளுறுப்பான லிப்கர்ல் 2000இல், மற்ற நிரல்களும் பயன்படுத்தக்கூடிய தனி நூலகமானது. மூலக்கோப்புகள் நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் திறந்தே கிடக்கின்றன, உரிமப் பத்திரத்தில் கையெழுத்தும் கேட்பதில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு மடிக்கணினியும் போன் டேட்டாவும் வைத்திருப்பவர் திருத்தம் அனுப்ப வேறெதுவும் தேவையில்லை. ஆனால் முதல் திருத்தம் நிற்கிற இடம் பெரும்பாலும் சி நிரல் அல்ல. லைன், கரண்ட், கணினியின் மணிக்கூடு, திட்டத்தின் நடைமுறை ஆகிய நான்கில் ஒன்றில்தான் நிற்கும். ஆகவே நிரலைச் சந்தேகிக்க முதல் அறிகுறியை வடிவாகப் பாருங்கள்.

கட்டளைகளைச் சொல்லும் ஒலியிலேயே தமிழில் எழுதியிருக்கிறோம். தட்டும்போது வழக்கமான எழுத்திலேயே தட்டுங்கள். உபுண்டு, அல்லது விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூ.எஸ்.எல். இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறோம்.

குளோன் பாதியில் அறுந்து விழுகிறது

குளோன் என்பது மூலக்கோப்புகளை வரலாற்றோடு பிரதி இறக்குவது. அதைச் செய்யும், மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவியான கிட் எச்.டி.டி.பி.எஸ். வழியாகப் பேசும்போது உள்ளே வேலை செய்வது லிப்கர்ல்தான். ஆகவே "ஆர்.பி.சி. ஃபெய்ல்டு, கர்ல் 56" என்று திரையில் வந்தால், அந்த 56 நீங்கள் திருத்தப்போகும் நூலகத்தின் பிழை எண். அதை வாசிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

6 என்றால் பெயரை முகவரியாக்க முடியவில்லை, டி.என்.எஸ். பக்கம் பாருங்கள். 7 என்றால் முகவரி கிடைத்தது, இணைப்புக் கிடைக்கவில்லை. 18, 56 இரண்டும் தரவு வந்துகொண்டிருக்கும்போதே லைன் அறுந்ததைச் சொல்பவை. மாலை நேரத்துப் போன் டேட்டாவில் அதிகம் வருவது இவைதான். 28 நேரம் கடந்தது. 60 சான்றிதழைச் சரிபார்க்க முடியவில்லை என்பது. அதைக் கண்டவுடன் சரிபார்ப்பையே அணைத்துவிடும் பழக்கம் சிலருக்கு உண்டு, செய்ய வேண்டாம். காரணம் பெரும்பாலும் மணிக்கூட்டில் இருக்கும், கீழே வருகிறது. 92 எச்.டி.டி.பி. 2 இழை ஒழுங்காக மூடப்படவில்லை என்பது. "கிட் கான்ஃபிக் --குளோபல் எச்.டி.டி.பி.வெர்ஷன் எச்.டி.டி.பி./1.1" என்று பழைய வடிவத்துக்கு இறக்கினால் பல வேளைகளில் அடங்கிவிடும்.

அறுந்த குளோன் விட்ட இடத்திலிருந்து தொடராது, ஒவ்வொரு முறையும் தொடக்கத்திலிருந்துதான். எனவே முழு வரலாற்றையும் ஒரே மூச்சில் இழுக்காதீர்கள். முதலில் "--டெப்த் 1" போட்டுக் கடைசி நிலையை மட்டும் எடுங்கள். பிறகு "கிட் ஃபெட்ச் --டீப்பன்=200" என்று துண்டு துண்டாக ஆழப்படுத்தலாம். ஒரு துண்டு அறுந்தால் அந்தத் துண்டு மட்டுந்தான் வீண். நள்ளிரவுக்குப் பிறகான டேட்டா தனியாகக் கிடைக்கும் பாக்கேஜ் உங்களிடம் இருந்தால், "--அன்ஷாலோ" என்ற முழு இழுப்பை அந்நேரத்துக்கு விட்டுவையுங்கள்.

ஆழமில்லாத குளோனுக்கு ஒரு விலை உண்டு. சில கிழமைகளுக்குப் பிறகு திட்டத்தின் முதன்மைக் கிளையான மாஸ்டரோடு சேர்க்கப்போனால் "தொடர்பற்ற வரலாறுகள்" என்று கிட் மறுக்கும். கிளை பிரிந்த இடம் உங்கள் கணினியில் இல்லை, அவ்வளவுதான். அதுவரை ஆழப்படுத்தினால் சரி. கட்டாயப்படுத்தி இணைக்கும் தெரிவை இந்த இடத்தில் தொடவே வேண்டாம்.

இழுக்க முடிகிறது, தள்ள முடியவில்லை

கடவுச்சொல்லைக் கேட்டு மறுத்தால்: 2021 ஆகஸ்ட் 13 முதல் கிட்ஹப் கணக்குக் கடவுச்சொல்லை கிட்டுக்கு ஏற்பதில்லை. கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் கொடுக்கும் டோக்கன் எடுங்கள், இல்லையேல் எஸ்.எஸ்.எச். என்ற மறையாக்கிய இணைப்புக்கான சாவி.

எஸ்.எஸ்.எச். சாவி இருந்தும் "போர்ட் 22, நேரம் கடந்தது" என்றால் சாவியில் பிழையில்லை. நீங்கள் இருக்கும் வலையமைப்பு 22ஆம் வாயிலை மூடி வைத்திருக்கிறது. கல்வி நிலையங்களிலும் அலுவலகங்களிலும் இது சாதாரணம். வீட்டுக் கோப்புறையின் எஸ்.எஸ்.எச். கான்ஃபிக் கோப்பில் கிட்ஹப்.காம் என்ற ஹோஸ்டுக்கு நான்கு வரி எழுதுங்கள்: ஹோஸ்ட் கிட்ஹப்.காம், ஹோஸ்ட்நேம் எஸ்.எஸ்.எச்.கிட்ஹப்.காம், போர்ட் 443, யூசர் கிட். வெப் போகும் வாயிலாலேயே எஸ்.எஸ்.எச்.சும் போகும்.

கரண்ட் போய் வந்தபின் கிட் மிரளுகிறது

மடிக்கணினியின் பேட்டரி தளர்ந்து, சுவரிலிருந்தே ஓடும் நிலையில் இருப்பவர்களுக்கு இது தப்பாமல் வரும். மூன்று முகங்கள் உண்டு.

முதலாவது இலேசு. "இண்டெக்ஸ்.லாக் ஏற்கனவே இருக்கிறது" என்று வரும். வேறு எந்தக் கிட் வேலையும் ஓடவில்லை என்று பார்த்துவிட்டு, புள்ளி கிட் கோப்புறையிலுள்ள அந்த ஒரு கோப்பை மட்டும் அழியுங்கள்.

இரண்டாவது: "ஆப்ஜெக்ட் கோப்பு வெறுமையாக உள்ளது, லூஸ் ஆப்ஜெக்ட் பழுது". லூஸ் ஆப்ஜெக்ட் என்பது கிட் தனித்தனிக் கோப்பாக வைத்திருக்கும் தரவு. கமிட் செய்து, அதாவது மாற்றத்தைக் கிட்டில் பதிந்து, சில விநாடிகளில் கரண்ட் நின்றிருக்கும். கோப்பின் பெயர் வட்டில் ஏறிவிட்டது, உள்ளடக்கம் ஏறவில்லை. எதையும் தொட முதல் புள்ளி கிட் கோப்புறை முழுவதையும் வேறோர் இடத்துக்குப் பிரதி எடுங்கள். பிறகு ஆப்ஜெக்ட்ஸ் கோப்புறைக்குள் பூச்சிய பைட் அளவுள்ள கோப்புகளைத் தேடி அவற்றை மட்டும் அழித்து, "கிட் எஃப்.எஸ்.சி.கே. --ஃபுல்" ஓட்டுங்கள். மாஸ்டரைச் சேர்ந்தவை "கிட் ஃபெட்ச்" போட்டால் திரும்ப வரும். உங்கள் கிளையின் கடைசிக் கமிட் மட்டும் போயிருக்கலாம், ஆனால் வேலைக் கோப்புறையில் திருத்திய கோப்புகள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். மறுபடி கமிட் செய்தால் போதும்.

சிலவேளை கிளையைக் குறிக்கும் ரெஃப்ஸ் கோப்பே வெறுமையாகிவிடும். அப்போது புள்ளி கிட், லாக்ஸ், ரெஃப்ஸ், ஹெட்ஸ் என்று உள்ளே போய் உங்கள் கிளைப் பெயருள்ள கோப்பைத் திறவுங்கள். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் இரண்டு நீண்ட எண்கள் இருக்கும், முதலாவது பழைய நிலை, இரண்டாவது புதிய நிலை. கடைசி வரியின் இரண்டாவது எண்ணை வெறுமையான ரெஃப்ஸ் கோப்பில் எழுதுங்கள். அந்தக் கமிட்டும் பழுதென்றால் அதே வரியின் முதல் எண்.

திரும்ப வராமலிருக்க: கிட் 2.36 முதல் "கோர்.எஃப்சிங்க்" என்ற அமைப்பு உண்டு. அதன் இயல்பு நிலையில் லூஸ் ஆப்ஜெக்ட்டுகள் உடனே வட்டில் எழுதப்படுவதில்லை, வேகத்துக்காக விலக்கி வைத்திருக்கிறார்கள். "கமிட்டெட்" என்று மாற்றினால் அவையும் சேரும். சற்று மெதுவாகும். கரண்ட் நம்பமுடியாத வீட்டில் அந்த மெதுவே நல்லது.

மூன்றாவது முகம் கிட்டில் தெரியாது. மதர்போர்டில் உள்ள சி.ஆர். 2032 பட்டன் பேட்டரி செத்திருந்தால், கரண்ட் நிற்கும்போது மணிக்கூடு பல வருடம் பின்னே போய்விடும். அதிலிருந்து இரண்டு தொடர்பில்லாத பிழைகள் கிளம்பும். ஒன்று, சான்றிதழ் "இன்னும் நடைமுறைக்கு வரவில்லை" என்று மேலே சொன்ன 60. மற்றது, நிரலை உருவாக்க முதல் கணினியைச் சோதிக்கும் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் ஓடும்போது "புதிதாக உருவாக்கிய கோப்பு பழைய கோப்புகளைவிடப் பழையது, மணிக்கூட்டைப் பாருங்கள்" என்று நிற்பது. இரண்டும் ஒரே நாளில் வந்தால் வேறெங்கும் தேட வேண்டாம், "டேட்" என்று தட்டிப் பாருங்கள். பட்டன் பேட்டரி மாற்றும்வரை ஒவ்வொரு தொடக்கத்திலும் நேரத்தை இணையத்தோடு பொருத்துங்கள்.

கான்ஃபிகர் ஓட மறுக்கிறது

"கான்ஃபிகர் என்ற கோப்பே இல்லை" என்றால் சரிதான், கிட்டில் அது வைக்கப்படவில்லை. ஆட்டோகான்ஃப், ஆட்டோமேக், லிப்டூல் மூன்றையும் நிறுவி "ஆட்டோரீகான்ஃப் -எஃப்.ஐ." ஓட்டினால் அது உருவாகும்.

"டி.எல்.எஸ். பின்தளத்தைத் தெரிவுசெய்" என்று நின்றால், பாதுகாப்பான இணைப்புக்கான மறையாக்க நூலகத்தைக் கேட்கிறது; 7.77.0 பதிப்பிலிருந்து அது தானாகத் தெரிவாவதில்லை. ஓப்பன்.எஸ்.எஸ்.எல். டெவ் பொதியை நிறுவி "--வித்-ஓப்பன்.எஸ்.எஸ்.எல்." கொடுங்கள். குக்கி எந்தத் தளங்களுக்குப் போகலாம் என்று பார்க்க உதவும் லிப்.பி.எஸ்.எல். இல்லை என்று நின்றால் அதன் டெவ் பொதியை நிறுவுங்கள். "--வித்அவுட்" போட்டும் தாண்டலாம், ஆனால் குக்கி பக்கம் வேலை செய்பவர் அப்படித் தாண்டக்கூடாது.

"பாதுகாப்பற்ற கோப்புறைப் பெயர்" என்று வந்தால் பாதையில் இடைவெளி இருக்கிறது. விண்டோஸ் கணக்கில் தகப்பன் பெயரும் தன் பெயருமாக இடைவெளி விட்டு எழுதியவர்களுக்கு டபிள்யூ.எஸ்.எல்.லில் இது வரும். வட்டு சி பக்கம் போகாமல் லினக்ஸ் வீட்டுக் கோப்புறைக்குள் குளோன் செய்யுங்கள். கட்டும் வேகமும், அதாவது மூலக்கோப்பிலிருந்து நிரலை உருவாக்கும் வேகமும், கூடும்.

எப்போதும் "--எனேபிள்-டீபக்" சேர்த்தே கட்டுங்கள். எச்சரிக்கைகளும் நினைவகக் கண்காணிப்பும் அதோடுதான் வரும்.

நிரலைத் திருத்தியும் பழைய மாதிரியே நடக்கிறது

நீங்கள் கட்டியது ஒன்று, ஓட்டுவது வேறொன்று. வெறுமனே கர்ல் என்று தட்டினால் உபுண்டுவோடு வந்த கர்ல்தான் ஓடும். எஸ்.ஆர்.சி. கோப்புறைக்குள் இருப்பதைப் பாதையோடு அழைத்து, பெரிய எழுத்தில் "-வி" போடுங்கள். கிட்டிலிருந்து கட்டியதென்றால் பதிப்பு எண்ணின் வாலில் "டெவ்" என்று இருக்கும். கர்லுக்கும் லிப்கர்லுக்கும் வெவ்வேறு எண் தெரிந்து, பதிப்புகள் பொருந்தவில்லை என்ற எச்சரிக்கையும் வந்தால், கருவி புதியது, ஏற்றப்பட்ட நூலகம் பழையது.

இதே காரணத்தின் இன்னொரு வடிவம்: பிழை தேடும் கருவியான ஜி.டி.பி.யில் திறந்தால் "கோப்பு வடிவம் புரியவில்லை" என்று சொல்லும். எஸ்.ஆர்.சி.யில் கர்ல் என்ற பெயரில் இருப்பது நிரல் அல்ல, லிப்டூல் எழுதிய ஷெல் உறை. உண்மையான நிரல் புள்ளி லிப்ஸ் கோப்புறைக்குள் ஒளிந்திருக்கிறது. பிழை தேடும் காலம் முழுக்க "--டிசேபிள்-ஷேர்ட்" கொடுத்துக் கட்டுங்கள். உறையும் இல்லை, எந்த நூலகம் ஏறியது என்ற சந்தேகமும் இல்லை.

டெஸ்ட் விழுகிறது, அல்லது விழவேண்டியது விழவில்லை

டெஸ்ட் தொகுதி பேர்ல் மொழியில் எழுதிய ரன்டெஸ்ட்ஸ் என்ற ஸ்கிரிப்டால் ஓடுகிறது. சேவையகங்களை உங்கள் கணினியிலேயே எழுப்பும், ஆகவே பெரும்பாலும் டேட்டா செலவில்லை. சேவையகம் எழவில்லை என்று வந்தால் டெஸ்ட்ஸ் கோப்புறையைக் கட்டாமலே ஸ்கிரிப்டை அழைத்திருப்பீர்கள். முதலில் அங்கே "மேக்". எச்.டி.டி.பி.எஸ். டெஸ்டுகள் "ஸ்கிப்ட்" (ஓட்டாமல் தாண்டியது) ஆனால் அவற்றுக்குத் தேவையான ஸ்டன்னல் என்ற கருவி நிறுவப்படவில்லை. ஸ்கிப் பிழையல்ல, ஆனால் டி.எல்.எஸ். பக்கம் திருத்தியவருக்கு ஸ்கிப் தேர்ச்சியும் அல்ல.

எல்லாவற்றையும் ஓட்டினால் பழைய கணினி நெடுநேரம் திணறும். நினைவகப் பிழை பார்க்கும் வால்கிரிண்ட் நிறுவியிருந்தால் அது ஒவ்வொரு டெஸ்டையும் பலமடங்கு மெதுவாக்கும். "-என்" கொடுத்தால் அதைத் தவிர்க்கும். எண் கொடுத்துத் தேவையானவற்றை மட்டும் ஓட்டுங்கள், "1 டு 100" என்று வீச்சும் கொடுக்கலாம்.

ஒவ்வொரு டெஸ்ட் வரியிலும் கோடுகளுக்கிடையே சில எழுத்துகள் தெரியும். பலர் அதை அலங்காரம் என்று விட்டுவிடுகிறார்கள். எந்தெந்தச் சோதிப்பு நடந்தது என்ற கணக்கு அது. பி வந்தால் அனுப்பிய நெறிமுறை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடப்பட்டது, ஈ வந்தால் வெளியேறும் எண், எம் வந்தால் நினைவகம், வி வந்தால் வால்கிரிண்ட். எம் இருக்கவேண்டிய இடத்தில் கோடு இருந்தால் நினைவகக் கசிவு பார்க்கப்படவேயில்லை. டீபக் இல்லாமல் கட்டியிருப்பீர்கள். "என்னிடம் எல்லாம் ஓகே, அங்கே மட்டும் கசிகிறது" என்பதன் காரணம் பெரும்பாலும் அந்தக் கோடுதான்.

கசிவு பிடிபட்டால் எத்தனை பைட், எந்தக் கோப்பின் எத்தனையாம் வரியில் ஒதுக்கியது என்று வரும். அந்த வரியில் பிழை இல்லை. அங்கிருந்து கீழே பிழைப்பாதையில் எந்த "ரிட்டர்ன்" விடுவிக்காமல் ஓடிப்போகிறது என்று தேடுங்கள். இதை முன்கூட்டியே பிடிக்க "-டி" (டார்ச்சர் என்பதன் முதல் எழுத்து) என்ற சித்திரவதை முறை உண்டு. அது நினைவக ஒதுக்கீடுகளை ஒவ்வொன்றாகத் தோற்கடித்து, ஒவ்வொரு முறையும் நிரல் ஒழுங்காக வெளியேறுகிறதா என்று பார்க்கும். உங்கள் திருத்தம் தொடும் இரண்டு மூன்று டெஸ்டுகளுக்கு மட்டும் ஓட்டுங்கள், முழுத் தொகுதிக்கு வேண்டாம்.

புதிய டெஸ்ட் எழுதினீர்கள், நெறிமுறை ஒப்பீட்டில் விழுகிறது, கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிகிறது: வரி முடிவைப் பாருங்கள். எச்.டி.டி.பி. தலைப்பு வரிகள் சி.ஆர்., எல்.எஃப். என்ற கண்ணுக்குத் தெரியாத வரிமுடிவு எழுத்துகள் இரண்டோடும் முடியவேண்டும். எடிட்டர் சி.ஆரை உரித்திருக்கும். டெஸ்ட் கோப்பில் அதற்கென்று சி.ஆர்.எல்.எஃப். பண்பு உண்டு. போர்ட் எண்ணைக் கையால் எழுதாமல் மாறியாலேயே எழுதுங்கள், ஒவ்வோர் ஓட்டத்திலும் அது மாறும். டெஸ்ட்ஸ், டேட்டா கோப்புறையிலுள்ள மேக்ஃபைல்.ஏ.எம்.இல் எண்ணைச் சேர்க்கவும் மறக்காதீர்கள். இல்லையேல் வெளியீட்டுப் பொதியில் உங்கள் டெஸ்ட் போகாது.

நீங்கள் தொடாத 1119 அல்லது 1139 விழுந்தால் திடுக்கிட வேண்டாம். புதிய குறியீடு ஒன்றைத் தலைப்புக் கோப்பில் சேர்த்துவிட்டு, அது எந்தப் பதிப்பில் வந்தது என்ற பட்டியலில் எழுதாவிட்டால் முன்னது விழும். புதிய தெரிவுக்கு ஆவணம் இல்லாவிட்டால் பின்னது.

இரண்டு வரி மாற்றினால் கோப்பு முழுவதும் சிவப்புப் பச்சையாகத் தெரிகிறது

எடிட்டர் சேமிக்கும்போதே அழகுபடுத்தியிருக்கிறது, அல்லது வரிமுடிவை விண்டோஸ் வடிவத்துக்கு மாற்றியிருக்கிறது. இந்தக் கோப்புறைக்குத் தானியங்கி வடிவமைப்பை அணையுங்கள். "கிட் டிஃப் -டபிள்யூ" போட்டால் வெற்றிட மாற்றங்கள் மறையும். அப்போது இரண்டு வரி மட்டும் மிஞ்சினால் சந்தேகமே இல்லை.

பிறகு "மேக் செக்எஸ்ஆர்சி" ஓட்டுங்கள். கர்லின் நடை சற்றுப் பிடிவாதமானது: உள்தள்ளல் 2 இடைவெளி, டேப் கூடாது, வரி 79 எழுத்துக்குள், "இஃப்" சொல்லுக்கும் அடைப்புக்குறிக்கும் நடுவே இடைவெளி கூடாது, "எல்ஸ்" புது வரியில், ஸ்ட்ரிங் நகலெடுக்கும் பழைய ஆபத்தான சார்புகளுக்குத் தடை. ஒத்துக்கொள்ளாவிட்டாலும் கட்டுப்படுங்கள். வாதாட இது இடமல்ல.

என் கணினியில் பச்சை, அங்கே சிவப்பு

திருத்தத்தைப் புல் ரிக்வெஸ்டாக, அதாவது சேர்க்கும்படி கேட்கும் கோரிக்கையாக, கிட்ஹப்பில் போட்டவுடன் தானியங்கிச் சோதனை எதுவும் ஓடவில்லை என்றால், முதல்முறை அனுப்புபவருக்குப் பராமரிப்பவரின் அனுமதி தேவை. காத்திருங்கள். ஓடத் தொடங்கினால் பலவித இயங்குதளங்களிலும் கட்டமைப்புகளிலும் ஓடும். சிவப்பைக் கண்டதும் முதலில் பார்க்கவேண்டியது, அதே வேலை மற்றவர்களின் திருத்தங்களிலும் சிவப்பா என்பது. அப்படியென்றால் உங்கள் பிழையல்ல.

உங்கள் பிழை என்றால் பெரும்பாலும் பின்வருவனவற்றில் ஒன்று. லிப்கர்ல் சி 89இல் எழுதப்படுகிறது. கட்டளைகளுக்குப் பிறகு மாறியை அறிவித்தாலோ, இரட்டைச் சாய்கோட்டுக் குறிப்பு எழுதினாலோ நிற்கும். விண்டோஸில் "லாங்" 64 பிட் கணினியிலும் 32 பிட்தான். கோப்பு அளவை அதில் வைத்தால் 2 ஜி.பி.க்கு மேல் பிழையாகும். கர்ல்_ஆஃப்_டி வகையைப் பயன்படுத்துங்கள். ப்ராக்ஸி இல்லாமல் அல்லது எச்.டி.டி.பி. இல்லாமல் கட்டும் வேலை சிவந்தால், அந்த வசதி அணைக்கப்பட்ட நிலையில் உங்கள் மாறி பயன்படாமல் கிடக்கிறது. அந்த வசதிக்கான "இஃப்டெஃப்" காவல் நிபந்தனைக்குள் அதையும் நகர்த்துங்கள். "--எனேபிள்-வெர்ரர்" போட்டு வீட்டிலேயே கட்டினால் இவற்றில் பல அங்கே போக முதலே பிடிபடும்.

ஆவண வேலை மட்டும் சிவந்தால் ஆங்கிலத்தைப் பாருங்கள், இலக்கணத்துக்காக அல்ல. "டோண்ட்", "இஸிண்ட்" போன்ற சுருக்கச் சொற்களைத் தடுக்கும் பட்டியல் ஒன்று உண்டு, "டூ நாட்" என்று விரித்து எழுதினால் போய்விடும். பள்ளிக்கூட ஆங்கிலத்தில் முழுச்சொல்லாக எழுதிப் பழகியவருக்கு இங்கே ஒரு சின்ன அனுகூலம்.

நல்ல திருத்தம், ஆனால் யாரும் சேர்க்கவில்லை

நாட்காட்டியைப் பாருங்கள். கர்ல் 8 கிழமைக்கு ஒருமுறை, புதன்கிழமையில் வெளியாகிறது. அந்த 56 நாளில் முதல் 10 நாள் ஆறவிடும் காலம், அடுத்த 21 நாள் புதிய வசதிகளுக்கான சாளரம், மிச்சம் 25 நாள் பிழைதிருத்தம் மட்டும். புதிய வசதியைக் கடைசிக் கட்டத்தில் போட்டால் ஃபீச்சர் விண்டோ என்ற முத்திரையோடு காத்திருக்கும். அது மறுப்பல்ல.

மணியையும் பாருங்கள். திட்டத்தைத் தொடங்கி இன்றும் நடத்தும் டேனியல் ஸ்டென்பெர்க் சுவீடனில் இருக்கிறார். கோடையில் மூன்றரை மணி, குளிர்காலத்தில் நாலரை மணி நமக்குப் பின்னே. காலை எட்டுக்குப் பதிலை எதிர்பார்த்தால் ஏமாற்றம். பின்னேரம் ஒருக்கா பாருங்கள்.

பொது இடைமுகத்தில் கைவைத்திருந்தால் காத்திருப்பால் பயனில்லை. 2006 அக்டோபரில் வந்த 7.16.0க்குப் பிறகு மற்ற நிரல்கள் நம்பியிருக்கும் லிப்கர்லின் இடைமுகம் உடைக்கப்படவில்லை. ஏற்கனவே உள்ள தெரிவின் எண்ணையோ கட்டமைப்பின் அமைப்பையோ மாற்றும் திருத்தம் எவ்வளவு அழகாக இருந்தாலும் போகாது. புதியதைக் கடைசியில் சேர்க்க வழி தேடுங்கள்.

செயற்கை அறிவுக் கருவியைப் பயன்படுத்தத் தடையில்லை, ஆனால் ஒவ்வொரு வரிக்கும் பொறுப்பு உங்களுடையது. மதிப்பாய்வில் "ஏன் இப்படி" என்று கேட்டால் பதில் உங்களிடம் இருக்கவேண்டும்.

"க்ளோஸ்டு" என்று சிவப்பில் மூடிவிட்டார்கள்

மனம் உடைய முதல் மாஸ்டரை இழுத்து "கிட் லாக்" பாருங்கள். கர்லில் கிட்ஹப்பின் மெர்ஜ் பொத்தானைப் பெரும்பாலும் அழுத்துவதில்லை. பராமரிப்பவர் உங்கள் கமிட்டைத் தன் கணினியில் எடுத்து, செய்தியைத் திருத்தி, "க்ளோஸஸ்" என்ற சொல்லோடு புல் ரிக்வெஸ்ட் எண்ணையும் சேர்த்து நேரே மாஸ்டருக்குத் தள்ளுகிறார். அந்த வரியைக் கண்ட கிட்ஹப், ஊதா நிற "மெர்ஜ்டு" போடாமல் சிவப்பு "க்ளோஸ்டு" போட்டு மூடிவிடுகிறது. "கிட் லாக் --கிரெப்" என்பதோடு உங்கள் எண்ணைக் கொடுத்துத் தேடுங்கள். எழுதியவர் என்ற இடத்தில் உங்கள் பெயர் இருந்தால் திருத்தம் உள்ளே போய்விட்டது. பெயரைத் தமிழில் வைத்திருந்து அது கோண அடைப்புக்குள் எண்களாகத் தெரிந்தால் பழுது கிட்டில் இல்லை, லெஸ்சார்செட் சூழல் மாறியை யு.டி.எஃப்.-8 ஆக்குங்கள்.

லாக்கில் அகப்படாவிட்டால் மட்டும் புல் ரிக்வெஸ்டின் கடைசிக் கருத்தை வாசியுங்கள், காரணம் அங்கே இருக்கும். உள்ளே போயிருந்தால் பழைய கிளையை அழித்துவிட்டு, அடுத்ததைப் புதிய மாஸ்டரிலிருந்து பிரியுங்கள். பழைய கிளையின் மேலேயே தொடர்ந்தால், அவர்கள் திருத்திச் சேர்த்த கமிட்டும் உங்கள் பழைய கமிட்டும் ஒன்றோடொன்று மோதும்.